கம்பம் ஏறக் கற்றுக்கொடுக்க என்ன கேட்பீர்கள்?

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன். போன தை மாதம் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அண்ணே, இவனுக்குக் கம்பம் ஏறக் கத்துக்குடுக்கணும். என்ன கேப்பீங்க?” என்றார்.

பையன் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீசியன் இரண்டு வருடம் முடித்தவன். மோட்டார் ரீவைண்டிங் தெரியும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இணைப்பைப் படம் பார்க்காமல் போடுவான். ஆனால் 9.14 மீட்டர் கம்பத்தில், நாங்கள் முப்பதடிக் கம்பம் என்போம், அதில் ஏறி ஒரு கிராஸ் ஆர்மை, கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, பூட்டியதில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் வயலில் நாலு கம்பம் நட்டுவைத்து, ஒரு மாதம் ஏறப் பழக்க 12,000 ரூபாய் கேட்கிறாராம். நான் குறைத்துச் சொல்வேனா என்று பார்க்க வந்திருக்கிறார் தகப்பனார்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. கேள்வி என்னை நோக்கி வந்திருந்தாலும் அது உங்களிடம் கேட்க வேண்டியது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆகும் செலவை ஒரு ஆட்டோக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்?

தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்க ஆகும் செலவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அரசு ஐடிஐயில் இரண்டு வருடப் பிரிவுக்குச் சேர்க்கைக் கட்டணம் 195 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்தப் பையனும் வாங்கியிருக்கிறான். நான் அந்த வயதில் ஒரு டெஸ்டர் வாங்குவதற்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தவன். இந்த மாற்றத்தின் அருமை எனக்குத் தெரியும்.

செலவு ஆரம்பிப்பது சான்றிதழ் வாங்கிய மறுநாளிலிருந்து. தகப்பனார் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். கம்பம் ஏறப் பழக 12,000. எழுத்துத் தேர்வுக்குக் கோச்சிங் 15,000. பெல்ட் ரோப், ஹெல்மெட், கையுறை, ஸ்பேனர் செட் 4,500. கூட்டினால் 31,500. அதற்குக் கீழே ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒருத்தர் வேலை வாங்கித் தரேன்னு மூணு லட்சம் கேக்குறாருண்ணே. அது இன்னும் முடிவாகல” என்றார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அடித்தாரா என்று தெரியாது. முறையாகக் கற்றுக்கொடுத்து முறையாக எடுத்துக்கொள்ளும் வழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இப்படிப்பட்ட ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செலவு வயது. 2020 மார்ச்சில் கள உதவியாளர் பயிற்சிப் பணிக்கு 2,900 இடம் என்று அறிவிப்பு வந்தது. உதவிப் பொறியாளர், கணக்கீட்டாளர் என்று மற்றவற்றையும் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். பையன்கள் கட்டணம் கட்டி விண்ணப்பித்தார்கள், படித்தார்கள், கொரோனாவிலும் காத்திருந்தார்கள். 2022இல் அந்த அறிவிப்புகள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 24 வயதில் விண்ணப்பித்தவனுக்கு 26 ஆகிவிட்டதை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? அதன் பிறகு 2025இல்தான் தேர்வாணையம் வழியாகக் கள உதவியாளர் பணிக்கு 1,794 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஐடிஐ முடித்திருக்க வேண்டும், சம்பள விகிதம் 18,800 முதல் 59,900 வரை. நல்ல வேலைதான். இடையில் போன ஐந்து வருடத்தில் எத்தனையோ எலக்ட்ரீசியன்கள் உணவு டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

நடுவில் கேங்மேன் வேலை வந்ததை மறக்கவில்லை. அஞ்சாவது படித்தால் போதும், கம்பம் ஏறி கிராஸ் ஆர்ம் பூட்டிக் காட்ட வேண்டும், சுமை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐடிஐ முடித்தவர்களும் வேறு வழியில்லாமல் அதில் கலந்துகொண்டார்கள். 2021இல் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இரண்டு வருடப் பயிற்சிக் காலத்துக்கு மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். குழி வெட்டவும் கம்பம் நடவும் எடுத்தவர்கள் அவர்கள். லைன் வேலையும் எங்கள் தலையில்தான் விழுகிறது, எங்களைக் கள உதவியாளராக்குங்கள் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தேர்வுக்குத் தயாரான சமயத்தில்தான் வயலில் கம்பம் நட்டுக் காசு வாங்கும் பழக்கம் எங்கள் பக்கம் பரவியது.

அந்த வயல் பயிற்சியை நேரில் போய்ப் பார்த்தேன். நடத்துகிறவர் மோசமானவர் இல்லை. பையன்களை அக்கறையாகத்தான் பழக்குகிறார். ஒரு ஸ்டாப் வாட்ச் வைத்திருக்கிறார். தொடையில் சிராய்ப்பு வராமல் எப்படிக் காலைப் பின்னுவது, கிராஸ் ஆர்மை எந்தத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவது, பெல்ட்டை எந்த உயரத்தில் மாட்டுவது, எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார். தேர்வில் எது கேட்கிறார்களோ அதைக் கற்றுக்கொடுக்கிறார், அதுவும் வேகமாகச் செய்ய. அங்கே அரைமணி நேரம் நின்றேன். “எல்.சி.” என்ற சொல் ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை. லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்று வாங்கும் அனுமதி அது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். வாரியத்தில் சேருவதற்கு முன் பத்து வருடம் நான் ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். ஒரு ஐப்பசி மழையில் அறுந்துபோன எல்.டி. லைனை (தாழ்வழுத்த லைனை) இழுத்துக் கட்ட ஆறு பேர் போனோம். டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் திறந்திருந்தது, அதாவது இணைப்பு விலகியிருந்தது. ஃபியூஸைப் பிடுங்கியதை நானே பார்த்தேன். கம்பத்தில் ஏறியவனுக்குப் பத்தொன்பது வயது. என்னோடு ஒரே பாயில் படுத்தவன், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவன். நான் கீழே நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் அவன் கையிலிருந்த கட்டிங் பிளேயர் விழுந்தது. “டேய், பாத்துடா” என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தேன். இடுப்பில் கட்டியிருந்த தாம்புக்கயிற்றில் அவன் பின்பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். சத்தமே வரவில்லை.

லைனின் கடைசியில் ஒரு அரிசி ஆலை. கரண்ட் இல்லையென்று ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். வாரிய லைனைப் பிரித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாததால் மின்சாரம் அந்தப் பக்கத்திலிருந்து லைனுக்குத் திரும்பி வந்துவிட்டது. வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி எர்த் செய்திருந்தால், அதாவது தரையோடு இணைத்திருந்தால், அவன் இறங்கி வந்து பீடி பற்றவைத்திருப்பான். ஐந்து நிமிட வேலை. எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் அதை முறையாகக் கற்றுக்கொண்டது அவன் போய்ப் பல வருடம் கழித்து, வாரியத்தில் ஒரு லைன் இன்ஸ்பெக்டரிடம்.

பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். கம்பம் ஏறுவதை உடம்பு பதினைந்து நாளில் பழகிக்கொள்ளும். எந்த பீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைன்), எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம்வரை என்று சொல்லி எல்.சி. வாங்குவது, ஏபி சுவிட்சின் மூன்று பிளேடும் விலகியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது, பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது, லைனில் மிச்ச மின்சாரம் இல்லையென்று டிஸ்சார்ஜ் ராடால் தொட்டுப் பார்ப்பது, இரண்டு பக்கமும் கம்பிகளைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மாட்டுவது, மேலே ஏறுவது அதற்குப் பிறகு. வேலை முடிந்ததும் ஆளை எண்ணி, எர்த் ராடையும் எண்ணி, அப்புறம்தான் எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்பது. பசி, மழை, “இன்னும் கரண்ட் வரலையா” என்று போனில் திட்டும் மக்கள், இத்தனைக்கும் நடுவில் இந்த வரிசையில் ஒன்றைக்கூட விடாமலிருக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். ஏணி, கம்பம், கம்பி, சுவிட்ச் எல்லாம் நிஜமாக இருக்கும், ஆனால் மின்சாரம் இல்லாத ஓர் இடம் அதற்கு வேண்டும். இன்று நம் ஊரில் அந்த இடம் ஒரு புதுப் பையனுக்குக் கிடைப்பதில்லை. மின்சாரம் ஓடும் லைனுக்குக் கீழே, மூத்தவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான். மூத்தவனுக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாமலே போகிறது.

ஐடிஐ பாடத்திட்டத்தில் ஓவர்ஹெட் லைன் இல்லாமலில்லை. கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பின் இன்சுலேட்டரில், ஷேக்கிளில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) கட்டுவதெல்லாம் செய்முறைப் பட்டியலில் உண்டு. இந்தப் பையன் அதை மேசைமேல் வைத்துக் கட்டியிருக்கிறான். 71 அரசு ஐடிஐக்களைத் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கினீர்கள். ரோபோ வந்தது, மின்வாகனப் பாடம் வந்தது. மகிழ்ச்சி. அந்த வளாகங்களின் ஓரத்தில் பத்துக் கம்பம் நட்டு ஒரு டிரான்ஸ்பார்மரையும் வைக்க அதில் எத்தனை பங்கு ஆகியிருக்கும்?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்தன, 2023இல் புதிதாக எழுதப்பட்டன. லைனில் வேலை செய்கிற தொழில்நுட்பப் பணியாளருக்கு உரிய தொழிற்சான்றும் பயிற்சியும் வேண்டும் என்று விதி இருக்கிறது. நிரந்தர ஊழியரைப் பற்றி நான் பேசவில்லை. பிரிவு அலுவலகங்களில் பத்து, பதினைந்து வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டத்திலிருந்தும், கேரளம், ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். குழி ஐந்தடி வெட்ட வேண்டும், வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறி மண் சரியும். சாப்பாடு எங்கள் டெல்டா சனங்கள் போட்டார்கள், வீடு இழந்தவர்களே சோறு வடித்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் பணியில் உயிரை விட்டவர்களும் உண்டு. அன்று சேற்றில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியிடம் இன்று போய் “லைன் வேலை தெரியும் என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறாய்?” என்று கேட்டால், உள்ளங்கைக் காய்ப்பைத்தான் காட்டுவான்.

எதிர்காலம் என்று பேசும்போது இந்தச் சான்றுதான் முடிச்சு. வீட்டு ஒயரிங் செய்கிறவனுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், பிறகு ஒயர்மேன் லைசென்ஸ், மேற்பார்வையாளருக்கான சி லைசென்ஸ், கடைசியில் தானே மின் ஒப்பந்ததாரராக ஆகலாம். லைன்காரனுக்கு வாரியத்தின் உள்ளே ஒரு படிக்கட்டு உண்டு: கள உதவியாளர், கம்பியாளர், லைன் இன்ஸ்பெக்டர், போர்மேன். நான் ஏறி வந்தது அதில்தான், என் இரண்டு பெண்களையும் படிக்கவைத்தது அந்தச் சம்பளம். வாரியத்தின் கேட்டுக்கு வெளியே நிற்கும் லைன்காரனுக்குப் படிக்கட்டே கிடையாது. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்கு லைன் இழுக்கிறார்கள். ராமநாதபுரத்தில் சூரிய மின்பூங்காக்கள் வந்துவிட்டன. வளைகுடாவில் லைன்மேனுக்குத் தேவை என்றைக்கும் இருக்கிறது, 1978 முதல் நடக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது, முறையாக எங்கே கற்றாய் என்பதைத்தான். டிஸ்ட்ரிபியூஷன் லைன்மேன் என்று தேசிய அளவில் ஒரு திறன் பாடம் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டி எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வாரியத்துக்கு 12 மண்டலங்கள் இருக்கின்றன. மண்டலத்துக்கு ஒன்றாவது லைன் பயிற்சிக் களம் அமையுங்கள். ஐடிஐ முடித்த பையனும் பெண்ணும் ஆறு மாதம் தங்கிக் கற்கட்டும். பெண்ணும் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தெலங்கானாவில் பெண்கள் நீதிமன்றம்வரை போய், கம்பம் ஏறிக் காட்டி லைன் வேலைக்கு வந்திருக்கிறார்கள். நம் பெண்கள் கோர்ட்டுக்குப் போகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். கற்கிற காலத்தில் அவர்கள் கைக்காசு போடக்கூடாது, அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். தொழில் பழகுநர் விதிகளில் 2019இலேயே ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். விலைவாசிக்கு ஏற்றபடி அதற்குக் குறையாமல் கொடுங்கள். பெல்ட், ஹெல்மெட், கையுறை களத்திலேயே இருக்கட்டும். முடித்தவருக்கு இரண்டு துறையும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு அடுத்த தேர்வில் மதிப்பெண் வேண்டும். உடல்தகுதித் தேர்வை ஸ்டாப் வாட்சோடு நிறுத்தாமல், எர்த் ராடை மாட்டிவிட்டு ஏறுகிறானா என்று பார்க்கும் தேர்வாக மாற்றுங்கள். அதை மாற்றினால் வயலில் பழக்குகிறவரும் அடுத்த நாளே எர்த் ராடு வாங்கி வைத்துவிடுவார்.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் முறைவைத்து அங்கே அனுப்புங்கள், அந்த நாள்களுக்குக் கூலியைப் பிடிக்காமல். ஒரு வாரம் கூலி போகும் என்றால் எவனும் வரமாட்டான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

எந்த வருடம் எத்தனை பேரை எடுக்கப் போகிறோம் என்று ஒரு அட்டவணையும் வெளியிடுங்கள். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வேலை இல்லை என்று தெரிந்தால் பையன்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.

பணம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். வாரியத்தின் கடன் சுமை எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தக் களத்துக்குப் புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான். மண்டல ஸ்டோர்களில் கழற்றி வந்த கண்டக்டர் கம்பி சுருள் சுருளாகக் கிடக்கிறது. பழைய கிராஸ் ஆர்ம், பழுதான டிரான்ஸ்பார்மர், ஏபி சுவிட்ச் எல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் பாயாத லைனுக்கு அவை தாராளமாகப் போதும், ஏறுவதற்கான கம்பம் மட்டும் புதிதாக இருக்கட்டும். இடம் துணை மின்நிலைய வளாகங்களில் இருக்கிறது. வாத்தியார்கள் நாங்கள் இருக்கிறோம். என் காலத்து லைன் இன்ஸ்பெக்டர்கள், போர்மேன்கள் ஒவ்வொரு ஊரிலும் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு ஏறும் வலு குறைந்திருக்கலாம். கீழே நின்று “எர்த் மாட்டினியா?” என்று கேட்கும் குரல் இருக்கிறது. பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால் வந்துவிடுவோம்.

ஆட்டோக்காரரின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு வருகிறான். காசு எதுவும் வாங்கவில்லை. கொல்லையில் ஒரு பழைய கம்பம் நட்டு, அதற்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் குழாயை ஊன்றிக் கம்பி இழுத்திருக்கிறேன். முதல் மூன்று வாரம் அவனை ஏறவிடவில்லை. எல்.சி. வாங்குவதிலிருந்து திருப்பிக் கொடுப்பதுவரை வாயால் சொல்ல வைத்தேன். நாலாவது வாரம் ஏறப் போனவன் பாதியில் இறங்கி வந்து, “மாமா, அந்தப் பக்கம் எர்த் மாட்டல” என்று சொல்லிவிட்டு மாட்டிவிட்டு மறுபடி ஏறினான். இப்போது அவனோடு இன்னும் நாலு பேர் வருகிறார்கள். கொல்லையில் இடம் போதவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எந்தத் துணை மின்நிலையத்தில் இடம் ஒதுக்குகிறீர்கள் என்று தெரிவித்தால், ஐந்து பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்மேன்,
தஞ்சாவூர் மாவட்டம்.